லோக்கோவுக்குக் காவல்

சிலி நாட்டுக் கடலோர உணவகத்தில் லோக்கோ கேட்டால், வெள்ளை வெளேரென்ற சதைத் துண்டுகளை மயோனைஸோடு கொண்டுவந்து வைப்பார்கள். வாயில் வைத்தால் அவ்வளவு மென்மை. ஆனால் அது அடி வாங்கி வந்த மென்மை. சதையைச் சாக்கில் போட்டு ஓங்கி ஓங்கி அடித்த பிறகே வேகவைப்பார்கள். இல்லாவிட்டால் செருப்புத் தோலைக் கடிக்கிற கதைதான்.

லோக்கோ ஒரு கடல் நத்தை. நம் மன்னார் வளைகுடாவின் யானைமுள்ளிச் சங்குக்குத் தூரத்துச் சொந்தம். சுருள் வெளியே தெரியாத, கிண்ண வடிவ ஓடு. தின்றபின் அந்த ஓடு பல வீடுகளில் சிகரெட் சாம்பல் தட்டப் போய்விடும்! குளிர்ந்த கடலில் பாறையை இறுகப் பற்றியிருக்கும் இதை எடுக்க, படகிலுள்ள கம்ப்ரெஸ்ஸரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மூழ்குகிறார்கள். கம்பியால் நெம்பிப் பெயர்த்து வலைப்பையில் போடுவார்கள்.

1970களில் ஏற்றுமதி சூடுபிடித்தது. 1980ல் பிடிபட்டது சுமார் 25,000 டன். அப்புறம் என்ன, பாறைகள் காலி. 1989 முதல் 1992 வரை லோக்கோ எடுக்கவே தடை.

இதற்கிடையே லாஸ் குருஸேஸ் என்ற ஊரில், 1982 முதல் ஒரு பல்கலைக்கழகம் சிறு கரைத்துண்டில் யாரையும் எடுக்கவிடாமல் காத்துவந்தது. அங்கே லோக்கோ பெருகி, பாறையை மூடியிருந்த சிப்பிகளைத் தின்று தீர்த்தது. ஆளை விலக்கினால் போதும், நத்தை தானே திரும்பும் என்று தெரிந்தது. கடலியலாளர் ஹுவான் கார்லோஸ் காஸ்தியாவும் சகாக்களும் கின்தாய் போன்ற ஊர்களின் மீனவர்களோடு சேர்ந்து இதைத் தொழிலுக்குள் கொண்டுவந்தார்கள். 1991 மீன்வளச் சட்டம் அதற்கு உருவம் கொடுத்தது: குறிப்பிட்ட கடலடிப் பகுதியில் எடுக்கும் உரிமை உள்ளூர் மீனவர் சங்கத்துக்கு. எண்ணிக்கை பார்த்து, அனுமதித்த அளவே எடுக்கவேண்டும். பெரும்பாலான பகுதிகளில் 10 செ.மீ.க்குக் குறைந்ததைத் தொடக்கூடாது.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் ராத்திரி யார் விழித்திருப்பது? ரோந்துப் படகின் எரிபொருளும் காவலும் பெரும்பாலும் சங்கத்தின் தலையில்தான். திருட வருபவரும் அந்நியரல்ல. பல சமயம் பக்கத்துக் குப்பத்து முக்குளிப்பவர். அதே பாறையில் அவர் அப்பாவும் மூழ்கியிருப்பார். அவரை வெறும் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் மலிவாக விற்கும் லோக்கோ, காவல் காத்து வளர்த்தவரின் விலையையும் சேர்த்து இறக்குகிறது. கட்டுப்படியாகாமல் உரிமையையே கைவிட்ட சங்கங்களும் உண்டு.