வீட்டுக்குள் பசுமை – 9: வேரைப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள்

போன வாரம் மணி பிளான்ட். அதில் கை தேறியவர்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் ஆர்கிட் மேல்தான் போகும். கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகவோ, நர்சரியில் மனசு கேட்காமல் வாங்கியதாகவோ ஒரு தொட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் பூ வாடாமல் நிற்கிறது. பூ உதிர்ந்த பிறகு இலை தளர்கிறது. செடி குப்பைக்குப் போகிறது. தண்ணீர் இல்லாமல் சாகும் ஆர்கிட்டைவிடத் தண்ணீரில் ஊறிச் சாகும் ஆர்கிட்தான் அதிகம்.

காரணம், இது மண்ணில் பிறந்த செடி இல்லை. அகன்ற இலைகளும் வளைந்த காம்பில் வரிசையாகப் பூக்களுமாகக் கடையில் நிற்கிறதே, அதன் பெயர் ஃபெலனாப்சிஸ். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் இனங்களிலிருந்து உருவாக்கிய கலப்பினம். புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை இது உறிஞ்சாது. மரம் இதற்கு உட்கார இடம் மட்டுமே. நம் சமவெளியிலேயே மாமரக் கிளைகளில் இப்படித் தொற்றி வளரும் வாண்டா டெசலாட்டா என்ற ஆர்கிட் உண்டு. மழை பெய்தால் வேர் நனையும். காற்றடித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும் என்பதுதான் அந்த வேருக்குத் தெரிந்த வாழ்க்கை.

அந்த வேரைச் சுற்றி வெலமன் என்றொரு உறை இருக்கிறது. உயிரற்ற செல்களால் ஆன அந்த உறை பஞ்சு போலத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று நிறைந்து வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். நனைந்ததும் உறை ஊடுருவித் தெரிய, உள்ளிருக்கும் பச்சையம் வெளிப்படும். ‘வாரத்துக்கு எத்தனை முறை ஊற்றலாம்?’ என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தால் அது அழுகல். சுத்தமான கத்தரியால் வெட்டி எடுத்துவிட வேண்டும். வேரைப் பார்க்க வசதியாக ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி கண்ணுக்கு அழகு, வேருக்கு எமன்.

ஊற்றும் முறையும் முக்கியம். காலையில் தொட்டியைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கொண்டுபோய், அடியில் ஒழுகும்வரை தாராளமாக ஊற்றி, முழுக்க வடிந்த பிறகு இடத்தில் வையுங்கள். இந்தச் செடிக்கு ஒரே ஒரு வளர்முனைதான். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி அது அழுகிவிட்டால் பெரும்பாலும் செடி பிழைக்காது. தேங்கியதைத் துணி முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் உத்தமம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆர்கிட்டுக்கு மட்டும் அது வேண்டாம். அதில் உப்பு கூடுதல், வேர் கருகும்.

மண்ணுக்குப் பதில் கரித்துண்டும், தேங்காய் மட்டைத் துண்டும் போதும். மட்டையைச் சில நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, உப்பையும் கறையையும் போக்கிவிட்டுப் போடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பூ முடிந்த பிறகு மாற்றினால் போதும். 19:19:19 உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

வெளிச்சத்துக்குக் கிழக்குப் பார்த்த ஜன்னல் பொருத்தம். இலை கரும்பச்சையாகித் துவண்டால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சளடித்தாலோ சிவப்பேறினாலோ வெயில் அதிகம். ஏ.சி. காற்று நேராகப் படும் இடம் கூடாது. சாப்பாட்டு மேசையில் வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டுகளை உதிர்த்துவிடும்.

அடுத்த பூ எப்போது? ஃபெலனாப்சிஸ் பூங்காம்பு விட வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். பண்ணைகளில் இதைத் தெரிந்துகொண்டே சூடான கூடத்தில் வளர்த்து, விற்க வேண்டிய காலத்துக்கு ஏற்பக் குளிர்ந்த கூடத்துக்கு மாற்றுகிறார்கள். சென்னை, மதுரைக்காரர்களுக்கு அந்தக் குளிர்ந்த கூடம் மார்கழியும் தையும்தான். அந்த இரவுகளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பழைய காம்பு பச்சையாக இருந்தால், அடியிலிருந்து இரண்டு மூன்று கணு விட்டு மேலே வெட்டினால் கிளைத்துப் பூக்கக்கூடும். செடி மெலிந்திருந்தால் காம்பை அடியோடு எடுத்துவிடுவதே நல்லது.

வெயில் விழும் பால்கனி இருப்பவர்கள் முதல் செடியாக டென்ட்ரோபியம் வாங்கலாம். நம் சூட்டை அது நன்றாகத் தாங்கும். ஆனால் வீட்டுக்குள் ஒளி போதாமல் பூக்க மறுக்கும்.

மலையேறிப் போகும்போது காட்டு ஆர்கிட்டைப் பெயர்த்து வருவது வேண்டாம். ஆர்கிட் விதை தூசி அளவு. உள்ளே உணவு கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை உணவூட்டினால்தான் அது முளைக்கும். அதனால் இழந்த இடத்தில் மறுபடி வளர்வது லேசில்லை. 1922-ல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த கூழில் விதையை முளைக்கவைத்துக் காட்டியதால்தான், பணக்காரர் பூவாக இருந்த ஆர்கிட் பண்ணைகளில் பெருகியது. காட்டு இனங்களைப் பார்க்க ஆசையிருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஆர்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே அவை எதில், எப்படி வேரூன்றியிருக்கின்றன என்று கவனித்துவிட்டு வந்தால், வீட்டுத் தொட்டியில் என்ன மாற்ற வேண்டும் என்பது தானே புரிந்துவிடும்.

(அடுத்த வாரம்: இலையடியில் ஒளியும் மாவுப்பூச்சி)