கடற்பன்றியைக் காதால் எண்ணுவது

சென்ற வாரம் திருகோணமலைக் கடலின் நீலத் திமிங்கலங்களைப் பார்த்தோம். 1984இல் அங்கே நீருக்கடியில் பதிவான அவற்றின் பாட்டைக் கொண்டே அந்தக் கூட்டத்தை இன்றும் மற்றக் கூட்டங்களிலிருந்து பிரித்தறிகிறார்கள். திமிங்கலமாவது கண்ணில் படும். பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும், கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலில் திரியும் துடுப்பில்லாக் கடற்பன்றி கண்ணுக்கும் அகப்படாது. ஓங்கிலுக்கு உறவான இது ஒன்றரை மீட்டர் அளவே இருக்கும். முதுகில் துடுப்பு இல்லை. துள்ளும் பழக்கமும் இல்லை. மூச்சுவிட ஒரு கணம் முதுகைக் காட்டிவிட்டு அமிழ்ந்துவிடும். அலை கொஞ்சம் எழும்பினாலே படகில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பெரட்டுக் களத்தில் மழை நாளொன்றில் தலை எண்ணிவிட்டு, தோட்டத்தில் இவ்வளவு பேர்தான் என்று எழுதினால் எப்படியிருக்கும்? கண்ணால் மட்டும் எடுக்கும் கடற்பன்றிக் கணக்கும் அப்படித்தான். இந்தியக் கரைகளில் இறந்து ஒதுங்கிய உடல்கள் பதிவாகியுள்ளன. உயிரோடு இருப்பவற்றின் கணக்கை உடல்களிடம் கேட்பது முறையல்ல.

கடற்பன்றியால் சத்தமில்லாமல் வாழ முடியாது. கலங்கிய நீரில் வழியும் இரையும் தேட அது ஓயாமல் 'டிக், டிக்' என்று ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்கிறது. மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் 20 கிலோஹேர்ட்ஸ். இதன் ஒலியோ 120க்கு மேல். நீருக்கடியில் கட்டிவைக்கும் கருவி அந்த ஒலிகளின் நேரத்தையும் தன்மையையும் மாதக்கணக்கில் குறித்துக்கொள்ளும். மீனை நெருங்கும்போது டிக்குகளுக்கு இடையிலான நேரம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரே இரைச்சலாகிவிடும். கடற்பன்றி அந்த வழியால் போனதா, அங்கே இரை தேடியதா என்பதைக்கூடப் பதிவு சொல்லிவிடுகிறது. கடற்பன்றி வலையில் சிக்கிச் சாகாதிருக்க, வலை எங்கே, எப்போது விரிக்கக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. பால்டிக் கடலில் 2011 முதல் 2013 வரை 304 இடங்களில் இப்படிக் கேட்டுத்தான் அங்கே சுமார் 500 கடற்பன்றிகளே எஞ்சியுள்ளன என்று மதிப்பிட்டார்கள்.

மறுப்புகள் இருக்கின்றன. ஒலி கேட்டால் ஒன்றா பத்தா என்று தெரியாது. கேட்காவிட்டால் இல்லை என்றும் ஆகாது. உண்மைதான். இவ்வளவு உயர்ந்த ஒலி நீரில் சில நூறு மீட்டர்தான் போகும். நமது வெப்பக் கடலில் சொடுக்கு இறால்களின் இரைச்சல் வேறு குழப்பும். ஆனால் அதே இடத்தில், அதே கருவியால், ஆண்டுதோறும் கேட்டால் கூடுகிறதா குறைகிறதா என்பது தெளிவாகும். மெக்சிகோவின் வக்கீட்டா என்னும் கடற்பன்றி 2011 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரி 34 சதவீதம் குறைந்ததைக் காட்டியது இந்த முறைதான். தெரிந்தும் காப்பாற்றவில்லையே, இன்று பத்தளவில்தானே மிச்சம் என்று கேட்கலாம். அங்கே தவறியவர்கள் வலைத் தடையை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள். பதிவுக் கருவி எச்சரிக்கையை நேரத்துக்கே கொடுத்தது.

எனக்குக் கனமாகப் படுவது மீனவரின் அச்சம். கடலில் காது வைத்தால் நாளை செவுள் வலையைத் தடைசெய்வார்கள், நம் பிழைப்பு போகும் என்று அவர் நினைப்பதில் தவறில்லை. போருக்குப் பிறகு மெல்ல எழுந்துவரும் வடக்குக் கரையில் அந்த வலைதான் சோறு. ஆனால் கணக்கு இல்லாவிட்டால் கடற்பன்றி சாகும் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழும். எந்த இடம், எந்தப் பருவம் என்று தெரிந்தால் முழுத் தடைக்குப் பதில் அந்த இடத்தில், அந்தப் பருவத்தில் மட்டும் வலையை விலக்கினால் போதும். இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கை 2017இல் அடிமட்ட இழுவை மடியைத் தடைசெய்த பின்னும் அது நீரிணையில் ஓயவில்லை. கட்டிவைத்த கருவியை அந்த மடியே அள்ளிக்கொண்டும் போகலாம். எங்கே கட்டினால் தப்பும் என்பது அங்கே தொழில் செய்பவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்த வேலையை அவரிடமே கூலியோடு கொடுக்க வேண்டும்.

மலையில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லயத்து அடுப்பில் வேகும் கருவாடும் கரைவலைகளிலிருந்தும் செவுள் வலைகளிலிருந்தும் வருவதுதான். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீர்வளத் தொழில்நுட்பம் படிப்பாகவே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் துறை இருக்கிறது. இரண்டும் நாட்டின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவோடு சேர்ந்து மன்னார்க் கரையில் முதல் சில கருவிகளை இறக்கட்டும். ஊவாவிலிருந்து இந்த இரு பல்கலைக்கழகங்களுக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைப் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்.