யானைக்கால் போய்விட்டதா? கொசுவைக் கேளுங்கள்!

கும்பகோணம், சுவாமிமலை பக்கம் யானைக்கால் நோய்க்காக ரத்தம் எடுக்க சுகாதாரப் பணியாளர்கள் வந்தது ஊர் தூங்கும் நேரத்தில்தான். நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கிக் கிடந்து, இரவில்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். என்ன ஒரு கூட்டணி!

எடுத்த ரத்தத்துக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புழுக்குஞ்சின் வால் நுனியில் இரண்டு புள்ளிகள் தெரிந்தால் அது 'புரூகியா மலாயி'. கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் இருந்தது. குளத்துச் செடிகளை அண்டி வளரும் மான்சோனியா கொசு பரப்புவது. நுனி வெறுமையாக இருந்தால் நம்மூர் 'உச்செரேரியா பாங்க்ராஃப்டி'. எந்தப் புழு என்று தெரிந்தால்தான் சாக்கடையைத் தூர்வாருவதா, குளத்துச் செடியை அகற்றுவதா என்று முடிவெடுக்க முடியும்.

ஊருக்கே டி.இ.சி. மாத்திரை கொடுத்ததில் நோய் வெகுவாகக் குறைந்தது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். ஆயிரம் பேர் ரத்தத்தைப் பார்த்தாலும் புழு கண்ணில் படாமல் போகலாம். வீங்கிய காலைப் பார்த்தும் பயனில்லை. அது பல வருஷங்களுக்கு முந்தைய தொற்றின் விளைவு.

அதனால் கொசுவைப் பிடிக்கிறார்கள். வைக்கோல் ஊறிய நாற்றத் தண்ணீரை வைத்தால், கடித்துவிட்டு முட்டையிட வரும் பெண் கொசுக்கள் பொறியில் சிக்கும். இருபது, இருபத்தைந்து கொசுக்களை ஒன்றாக அரைத்து, கொரோனாவில் நாம் பழகிய அதே பி.சி.ஆர். சோதனை. அந்தப் புழுவின் டி.என்.ஏ.வில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டைத் தேடுவார்கள்.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசிச் செய்யும் அச்சு, ஒரு சிலையோடு உடைந்துவிடும். பி.சி.ஆரில் நேர்மாறு, ஒவ்வொரு பிரதியும் அடுத்த சுற்றில் தானே அச்சாகிவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டும். அத்தனை கொசுக்களில் ஒரேயொரு புழுக்குஞ்சு இருந்தாலும் தப்பாது.

1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர், கடலூர் மாவட்டத்தில் இம்முறையைக் களத்தில் சோதித்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும்: கொசுவில் டி.என்.ஏ. கிடைத்தாலே அது நோயைப் பரப்பும் கொசு என்று அர்த்தமில்லை. அது குடித்த ரத்தம் யாருடையதோ, அவர் உடம்பில் புழு இருக்கிறது. அந்தத் தெருவில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.