கொங்கு நாட்டு நிறுவனங்களில் பெண் இயக்குநர்கள்

பெண் இயக்குநர் என்பவர் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம்பெறும் பெண் உறுப்பினர் ஆவார். இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் குறைந்தது ஒரு பெண் இயக்குநரைக் கொண்டிருக்க வேண்டும் என 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் விதிக்கிறது. குடும்பத் தொழில்கள் மிகுந்த கொங்கு நாட்டில் ஒரு பெண் இயக்குநர் குழுவை அடைய மூன்று வழிகள் உள்ளன எனலாம். அவை குடும்ப உரிமை, சட்டத்தின் கட்டாயம், பணி உயர்வு என்பன. இவற்றுள் மூன்றாவது வழியே மிகவும் குறுகலானது. அதற்கான காரணம் ஓரளவு சட்டத்திலேயே உள்ளது.

பின்னணி

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888 இல் இராபர்ட் இசுடேன்சு என்பவரால் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் 1910 இல் இலட்சுமி மில்சு, 1962 இல் நூற்பு இயந்திரங்கள் செய்யும் இலட்சுமி மெசின் வொர்க்சு, 1975 இல் வாகனக் கருவிகள் செய்யும் பிரிக்கால் எனப் பல நிறுவனங்கள் தோன்றின. பங்கு வணிகம் வளர்ந்ததால் 1990களில் கோயம்புத்தூருக்கெனத் தனிப் பங்குச் சந்தையே இயங்கியது. 2013 இல் அது செபியின் ஆணைப்படி பங்குச் சந்தை என்னும் நிலையிலிருந்து விலகியது.

இப்பகுதியின் நூற்பாலைகளிலும் திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களிலும் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். கூலி, விடுதி, பணிநேரம் ஆகியவற்றுக்கான கொள்கையை வகுப்பதும், மேலாண் இயக்குநரை அமர்த்துவதும், ஆண்டுக் கணக்கை ஏற்பதும் இயக்குநர் குழுவின் பொறுப்பு. எனவே அங்கே யார் அமர்கிறார் என்பது வெறும் பெருமை சார்ந்த செய்தி அன்று.

குடும்ப வழி

தமிழ்நாட்டில் 1989 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்குரிமையை அளித்தது (நாடு முழுமைக்கும் இவ்வுரிமை 2005 இல் வந்தது). எனினும் சொத்தில் பங்கு பெறுவதும் நிறுவனத்தை நடத்துவதும் வேறு வேறு.

கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட இராசசிறீ சுகர்சு அண்டு கெமிக்கல்சு நிறுவனத்தின் தலைவரும் மேலாண் இயக்குநருமாகப் பொறுப்பு வகித்த இராசசிறீ பதி, இந்திய சர்க்கரை ஆலைகள் சங்கத்தின் தலைவரான முதல் பெண் ஆவார். இவருக்கு 2013 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. பிரிக்கால் நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற வனிதா மோகன், நொய்யல் ஆற்றையும் குளங்களையும் மீட்க 2003 இல் தொடங்கப்பட்ட சிறுதுளி அமைப்பின் வழியாகவும் அறியப்படுபவர். இருவரும் குடும்பத் தொடர்பால் நுழைந்தவர்களே. ஆயினும் தொழிலை நடத்தியவர்களைப் பெயரளவு உறுப்பினர்களோடு சேர்த்து எண்ணுவது முறையன்று.

குடும்ப வழியும் எல்லோருக்கும் எளிதில் திறப்பதில்லை. சென்னையின் முருகப்பா குழுமத்தில் எம். வி. முருகப்பன் 2017 இல் மறைந்த பின், அவருடைய மகள் வள்ளி அருணாச்சலம் தம் குடும்பக் கிளையின் 8 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பங்கைக் காட்டி, அம்பாடி இன்வெசுட்மென்ட்சு என்னும் தலைமை நிறுவனத்தில் இயக்குநர் பதவி கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் 91 விழுக்காட்டிற்கும் மேலான வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. 2023 ஆகத்தில் குடும்பத்தினரிடையே உடன்பாடு ஏற்பட்டது.

சட்ட வழி

உலகில் முதன்முதலாக நார்வே 2003 இல் இயற்றிய சட்டத்தின் மூலம் பொது நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் 40 விழுக்காடு பெண்கள் வேண்டும் என்றது. இந்தியாவின் விதி அதனினும் எளியது: ஒருவர் போதும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும், 100 கோடி ரூபாய் செலுத்திய மூலதனம் அல்லது 300 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள பிற பொது நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். தனியார் வரையறுத்த நிறுவனங்களையும் கூட்டாண்மைகளையும் இது தொடுவதில்லை. திருப்பூரின் ஏற்றுமதித் தொழிலில் இவ்விரு வகைகளே மிகுதி.

செபி விதித்த கெடு 2015 ஏப்ரல் 1. அதற்குள் நியமிக்காதவர்களுக்கான தண்டம் 50,000 ரூபாயில் தொடங்கியது. பல நிறுவனங்கள் உரிமையாளரின் மனைவியையோ மகளையோ நியமித்துக் கெடுவை நிறைவு செய்தன என்ற குறை நாடெங்கும் எழுந்தது. கோட்டக் குழு 2017 இல் அளித்த பரிந்துரைக்குப் பின், சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களில் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 நிறுவனங்களில் 2020 ஏப்ரல் முதலும் ஒரு பெண்ணாவது சார்பற்ற இயக்குநராக இருத்தல் கட்டாயமானது. சார்பற்ற இயக்குநர் என்பவர் உரிமையாளருக்கு உறவினராக இருத்தல் கூடாது.

இங்கு இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, 1000 என்னும் வரம்புக்கு வெளியே உள்ள சிறு நூற்பாலைகளில் குடும்பப் பெண் ஒருவரே இன்றும் சட்டத்தை நிறைவு செய்யலாம். இரண்டாவது, ஒரு நிறுவனத்தில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஊழியராக இருந்தவர் அங்கேயே சார்பற்ற இயக்குநர் ஆக முடியாது. ஆகவே பெரிய நிறுவனம் ஒன்று தன் பெண் அதிகாரியை இயக்குநராக உயர்த்தினாலும் இவ்விதி நிறைவேறாது. வெளியிலிருந்து இன்னொரு பெண்ணைத் தேட வேண்டும். சட்டம் இருக்கையைத் தந்தது, ஏணியைத் தரவில்லை.

முதலீட்டாளர் உறவுப் பணியும் ஏணியும்

முதலீட்டாளர் உறவு என்பது நிறுவனத்தின் நிலையைப் பங்குதாரர்களுக்கும் பகுப்பாய்வாளர்களுக்கும் விளக்கும் பணியாகும். அமெரிக்காவில் செனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1953 இல் இதற்கெனத் தனித்துறை அமைத்தது. இந்தியாவில் 2015 ஆம் ஆண்டின் உள்வணிகத் தடை விதிகள், தகவல் வெளியிடும் பொறுப்புடைய மூத்த அலுவலர் ஒருவரைத் தலைமை முதலீட்டாளர் உறவு அலுவலராக அமர்த்த வேண்டும் என்கின்றன. காலாண்டு முடிவுகளுக்குப் பின் நடக்கும் கலந்துரையாடலின் ஒலிப்பதிவை அடுத்த வணிக நாளுக்கு முன்போ 24 மணி நேரத்திற்குள்ளோ, இவற்றில் எது முந்தியதோ அதற்குள், வெளியிடுவது பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டாயம்.

இப்பணியைச் செய்பவர் தொழிற்சாலை முதல் கடன் வரை முழு நிறுவனத்தையும் அறிகிறார். மேலாண் இயக்குநருடன் அடிக்கடி அமர்கிறார். ஆயினும் சட்டத்தின் 203 ஆம் பிரிவு தலைமை மேலாண்மைப் பணியாளர்களாகக் குறிப்பவர்களில் நிதித் தலைவரும் நிறுவனச் செயலரும் உண்டு, இவர் இல்லை. நடுத்தர நிறுவனங்களில் அவ்விருவரில் ஒருவரே இப்பணியையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஆகவே இத்துறையில் நுழையும் பெண் மேலே செல்ல வேண்டுமானால் பட்டயக் கணக்கர் அல்லது நிறுவனச் செயலர் தகுதி பெரிதும் துணை செய்யும். இவ்விரு கல்விக் கழகங்களுக்கும் கோயம்புத்தூரில் கிளைகள் உள்ளன. ஆலைப் பிரிவு ஒன்றின் வரவு செலவைப் பொறுப்பேற்று நடத்திய பட்டறிவும் தேவை. பெண்களை மனிதவளம், தகவல் தொடர்பு போன்ற துணைப் பணிகளிலேயே நிறுத்தி வைக்கும் நிறுவனத்தில் இந்தப் பட்டறிவு கிட்டுவதில்லை.

இன்னொரு பக்கவழியும் உண்டு. ஓரிடத்தில் முதலீட்டாளர் உறவு அலுவலராக இருப்பவர், தம் பணி ஒப்பந்தம் இடமளித்தால், வேறொரு நிறுவனத்தில் சார்பற்ற இயக்குநர் ஆகத் தடையில்லை. அதற்கு நடுவண் அரசு 2019 டிசம்பரில் தொடங்கிய சார்பற்ற இயக்குநர் தரவு வங்கியில் பதிந்து, விலக்கு இல்லாதவர்கள் இணையவழித் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். சார்பற்ற இயக்குநர் தொடர்ந்து ஐந்தாண்டு கொண்ட இரு பதவிக் காலங்களுக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே 2014, 2015 ஆம் ஆண்டுகளில் இவ்வாறு முதன்முதலாக நியமிக்கப்பட்டு இரு முழுக் காலமும் பணியாற்றிய பெண்களின் காலம் 2024, 2025 இல் முடிவுற்றது. அக்குழுவில் வேறு பெண் இல்லையெனில் அந்த இடத்திற்கு மீண்டும் ஒரு பெண்ணையே அமர்த்த வேண்டும்.