அரசர் புத்தகமும் ஆவாரம் பட்டையும்

கருவடிக்குப்பத்துத் தம்பி தங்கைகளே, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் உங்கள் புதுச்சேரியில் ஒரு செப்புக்காசு புழங்கியது. ஒரு பக்கம் ‘புதுச்சேரி’ என்று தமிழில் எழுதியிருக்கும். மறுபக்கம் ஒரு லில்லிப் பூ. அது பிரெஞ்சு அரசர்களின் சின்னம். பாரிஸில் அரசரின் நூலகத்துப் புத்தகங்களிலும் அதே பூதான், தங்கத்தில்!

1477இல் பாரிஸில் மூன்று தொகுதிகளாக ஒரு சரித்திர நூல் அச்சானது. பிரெஞ்சு அரசர்களின் கதை அது. அச்சிட்டவர் பாஸ்கியே போனோம். பாரிஸில் தேதியோடு அச்சான முதல் பிரெஞ்சு மொழிப் புத்தகம் அதுதான். இப்படிப்பட்ட நூல்களை அரசர்கள் சும்மா வைப்பார்களா? பிற்காலத்தில் சிவப்பு ஆட்டுத்தோலில் பைண்டிங் செய்து, நடுவில் கிரீடமும் மூன்று லில்லிப் பூக்களும் பதிப்பது அரண்மனை வழக்கமாகவே ஆகிவிட்டது.

தோலில் தங்கம் எப்படி ஒட்டும்? கோழிமுட்டையின் வெள்ளைக்கருவால்! முதலில் பித்தளை அச்சால் தோலில் பூ வடிவத்தை அழுத்துவார்கள். பள்ளத்தில் வெள்ளைக்கருவைத் தடவிக் காயவிட்டு, மேலே தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, விரிப்பார்கள். பல நூறு ரேக்குகளை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். மூச்சு பட்டாலே பறந்துவிடும். பிறகு அச்சைச் சூடாக்கி அதே பள்ளத்தில் மறுபடி அழுத்துவார்கள். சூடு பட்டதும் வெள்ளைக்கருவின் புரதம் இறுகித் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடு படாத இடத்துத் தங்கத்தைத் துடைத்து எடுத்துவிடலாம். தங்கம் துருப்பிடிக்காது; அதனால் பூ மங்குவதில்லை.

ஆனால் எனக்குத் தங்கத்தைவிட அடியில் இருக்கும் தோல்தான் பெரிய அதிசயம். பச்சைத் தோல் சில நாளில் அழுகிவிடும். செடிகளில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலின் புரத இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. ஐரோப்பாவின் நல்ல பைண்டிங் தோலுக்கு சுமாக் என்ற செடியின் இலை. நம்மூர்த் தோல் பதனிடும் ஷாப்புகளில் அன்று ஆவாரம் பட்டை.

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் கப்பல் கப்பலாக லண்டன் போனது. அங்கே புத்தகங்களுக்கும் போர்த்தினார்கள். சில பத்தாண்டுகளில் தோல் சிவப்புத் தூளாக உதிர்ந்தது. 1901இல் லண்டனில் ஒரு குழு ஆராய்ந்து, டானினில் இரண்டு வகை உண்டு, ஆவாரம் பட்டை வகை புத்தகத்துக்கு ஆகாது, சுமாக் வகைதான் தாங்கும் என்றது. நிலக்கரிப் புகையிலும் கேஸ் விளக்கிலும் இருந்து வரும் கந்தக வாயு தோலுக்குள் புகுந்து கந்தக அமிலமாகிறது. அதை ஆவாரம் பட்டைத் தோலால் தாங்க முடியவில்லை. ஆவாரையை நான் குறை சொல்ல மாட்டேன். செருப்புக்கும் பைக்கும் அது அருமையான தோலைத் தந்த செடி. நூறாண்டு புகையில் நிற்க வேண்டிய புத்தகம் வேறு வேலை.

நம் கடுக்காயில் இருப்பது பெரும்பாலும் சுமாக் வகை டானின். இரண்டு வகையையும் வீட்டிலேயே பிரித்தறியலாம். துருப்பிடித்த ஆணியை வினிகரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கடுக்காய்த் தூள் ஊறிய நீரை ஒரு டம்ளரிலும் ஆவாரம் பட்டை ஊறிய நீரை இன்னொன்றிலும் எடுத்து, வடிகட்டி, நிறையத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். இரண்டிலும் ஆணி ஊறிய வினிகரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடுக்காய் நீர் நீலக் கருப்பாகும். ஆவாரம் பட்டை நீர் பச்சைக் கருப்பாகும்.