ஓசூருக்கு எட்டாத சுண்டெலி மருந்து

குட்காவுக்குத் தமிழகம் 2013-லேயே தடை போட்டுவிட்டது. ஆனாலும் கர்நாடகத்திலிருந்து எல்லையிலுள்ள ஜூஜூவாடி வழியாக மூட்டை மூட்டையாக வருவதும் போலீஸ் பிடிப்பதும் ஓசூரில் வாடிக்கைச் செய்தி. சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் சிலர் தூக்கத்தை விரட்ட அதைத்தான் வாயில் அடக்குகிறார்கள். வாய்ப்புற்று வந்தால் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார்கள்.

அங்கே டாக்டர் சொல்லக்கூடிய மருந்துகளில் ஒன்று நிவோலுமேப். அது ஓர் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். பிறந்தது சுண்டெலியின் உடம்பில்.

கிருமி எதுவானாலும் அதற்கேற்ற ஆன்டிபாடியை நம் பி செல்கள் தயாரிக்கின்றன. வி, டி, ஜே என்ற மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து, ஒவ்வொரு செல்லும் தனக்கென ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான வகைகள் இப்படித்தான் உருவாகின்றன. சாதாரண எலியின் ஆன்டிபாடியை நமக்குச் செலுத்தினால் உடம்பு அந்நியம் என்று எதிர்க்கும். அதனால் 1994-ல் விஞ்ஞானிகள் அந்த மனிதத் துண்டுகளையே எலிக்குள் புகுத்தினார்கள். எலியின் பி செல்கள் மனித ஆன்டிபாடியைத் தயாரித்தன. அதில் தேறிய ஒன்றுதான், புற்றுக்கட்டி நம் எதிர்ப்புச் செல்களுக்குப் போடும் பூட்டைத் திறக்கிற நிவோலுமேப்.

எலிகளை இப்படி மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்கட்டும். என் கவலை விலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் என்றால், ஒப்பந்தத் தொழிலாளி எங்கே போவார்? மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவருக்கு இ.எஸ்.ஐ.யும் கிடையாது.

வழியை மும்பை டாடா நினைவு மருத்துவமனை காட்டியிருக்கிறது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பாதிக்கு மாத்திரைகள் மட்டும். மறு பாதிக்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமேப். ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 16.3 சதவீதம், இரண்டாவதில் 43.4 சதவீதம். முழு அளவோடு ஒப்பிடவில்லையே என்று நிபுணர்கள் சிலர் இழுக்கிறார்கள். முழு அளவு கைக்கு எட்டாதவரிடம் அந்த வாதம் எடுபடாது.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாயிற்று. இந்த 20 மில்லிகிராமை அங்கேயே, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் கொடுக்கலாம். தடுத்தும் குட்கா வந்துகொண்டிருக்கிறது. மருந்தை வரவேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை, வரவழைக்கத்தான் ஆளில்லை.