ஓரரசும் ஈரினமும்

ஊர்காவற்றுறையிலேனும் நெடுந்தீவிலேனும் ஒரு காணி கைமாறுங்காலை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் இன்றும் வழங்கக் கேட்கின்றோம். பங்குக் காணியைப் பிறர்க்கு விற்க விழைவார் முதற்கண் உடன்பங்காளர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பதனையும் அறிவோம். இவை தேசவழமையின் பாற்பட்டன. யாழ்ப்பாண அரசு 1619 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் வசமாயிற்று. அரசு அழிந்தும் அதன் வழமை சட்டமாய் நிலைத்தது எங்ஙனம்? இதனை ஆராயின், வேறுபட்ட மக்கள் ஓரரசின்கீழ் ஒருங்கு வாழ்தற்கு இன்றியமையாதது யாது என்பதும் விளங்கும்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கொழும்பிலிருந்த தேசாதிபதியின்கீழ் அதனை வைத்து ஆண்டனர். எனினும் குடிகளின் வழக்குகளை அவர்தம் வழமைப்படியே தீர்த்தல் தகுமெனக் கண்டனர். தேசாதிபதி சீமன்ஸ் என்பாரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஈசாக்ஸ் அவ்வழமைகளைத் திரட்டி எழுதினார். அது தமிழிற் பெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலிமாரின் பார்வைக்கு விடப்பட்டபின், 1707 இல் சட்டமாயிற்று. பின்வந்த ஆங்கிலேயரும் 1806 இல் அதனை உறுதிப்படுத்தினர். வாய்மொழியாய் நின்றிருப்பின் அது காலப்போக்கில் கரைந்திருத்தல் கூடும். எழுத்தில் ஏறி, குடிகளின் பிரதிநிதிகளால் ஒப்பப்பட்டமையே அதற்கு அரணாயிற்று.

கண்டியின் வரலாறு பிறிதொரு பாடம் புகட்டுவது. 1815 மார்ச்சு 2 ஆம் நாள் கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் செய்த உடன்படிக்கை, புத்த சமயத்துக்கும் அந்நாட்டு வழமைகளுக்கும் காப்பளித்தது. ஆயின் 1817 இல் மூண்ட கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், 1818 இல் ஒரு பிரகடனத்தாற் பிரதானிகளின் உரிமைகளைப் பெரிதுங் குறைத்துவிட்டனர். இருவர் கூடிச் செய்த ஒப்பந்தத்தை வலியவர் ஒருவரே தனித்துத் திருத்தினர்.

1833 இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி, கரைநாடும் கண்டிநாடும் தமிழர் நாடும் ஒரே நிருவாகமாக்கப்பட்டு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டன. சட்டநிரூபண சபையும் தோன்றிற்று. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தமை அச்சீர்திருத்தத்தால் விளைந்த நன்மையே. ஆயினும், ஒரு கூரையின்கீழ்க் கொணரப்பட்ட மக்களை, எவ்வாறு சேர்ந்து வாழ விரும்புகின்றீர் என எவரும் வினவினாரல்லர்.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். போலந்து அரசும் லிதுவேனியப் பெருங்கோமகவும் 1569 இல் லுப்ளின் நகரிலே உடன்படிக்கை செய்து ஓரரசாயின. தெரிந்தெடுக்கப்படும் ஓர் அரசன், ஒரு பேரவை, ஒரே வெளிநாட்டுக் கொள்கை என்பன பொதுவாயின. சட்டமும் திறைசேரியும் படையும் இரண்டிற்கும் வேறுவேறாகவே நின்றன. இவ்விணைப்பும் முற்றும் மனமொத்ததன்று. லிதுவேனியர் தயங்கியபோது, கீவ் உள்ளிட்ட நிலப்பகுதிகளை அரசன் அவரிடமிருந்து பிரித்துப் போலந்தோடு சேர்த்தான். எனினும் எழுதப்பட்ட உரிமைகள் பெரும்பாலும் காக்கப்பட்டமையால், அவ்வரசு 226 ஆண்டுகள் நிலைத்தது.

அதன் குறைகளையும் மறைத்தலாகாது. உரிமை பெற்றோர் பிரபுக்களே. உழவர்க்கு அதிற் பங்கில்லை. பேரவையில் ஓர் உறுப்பினரின் மறுப்பே அனைத்தையும் தடுக்கவல்லதாயிருந்தமையால் ஆட்சி தளர்ந்தது. லிதுவேனியாவின் அரச அலுவல்களிலும் 1697 முதற் போலிய மொழியே இடம்பெற்றது; லிதுவேனிய மொழியோ பெரும்பாலும் உழவர் நாவிலே வாழ்ந்தது. 1791 இல் இயற்றப்பட்ட புதிய யாப்பின் பின்னர், படைக்கும் திறைசேரிக்குமான பொது ஆணையங்களில் லிதுவேனியர்க்குச் சரிபாதி இடம் வழங்க இசைந்தனர். ஆயின் காலங் கடந்துவிட்டது. உருசியா, பிரசியா, ஒசுத்திரியா ஆகிய அயலரசுகள் 1772, 1793, 1795 என மும்முறை கூறுபோட்டு அந்நாட்டை விழுங்கின. அரசு மறைந்த பின்னரும், 1588 ஆம் ஆண்டு லிதுவேனியச் சட்டத்தொகுதி 1840 வரை வழக்கிலிருந்தது. நம் தேசவழமையை ஒத்த வரலாறன்றோ இது!

நம் நாட்டிலே சமஷ்டி முறையைத் தொடக்கத்தில் வேண்டினோர் தமிழரல்லர் என்பதை இளைஞர் பலர் அறியார். 1926 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அதனை யாழ்ப்பாணத்திலேயே எடுத்துரைத்தார். 1927 இல் கண்டியர் டொனமூர் ஆணைக்குழுவிடம் கேட்டனர். தமிழரசுக் கட்சி தோன்றியது 1949 இலேயே. 1957 இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கை மறுவாண்டே கைவிடப்பட்டது. 1965 இல் டட்லி சேனாநாயக்காவோடு செய்ததும் நிறைவேறவில்லை. மாகாண சபைகளுக்கான திருத்தம் 1987 இல் வந்ததெனினும், அவற்றுக்குரிய அதிகாரம் பற்றிய வழக்கு ஓய்ந்தபாடில்லை. இவற்றிடையே 2009 வரை நடந்த போரின் கொடுமையைத் தீவகத்தார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா.

இவற்றால் பெறப்படுவது யாது? இரு மக்கள் ஓரரசிற் கூடுதல் அரிதன்று; அரசன் வாளாலும் கூட்டலாம், ஆணைக்குழு ஏட்டாலும் கூட்டலாம். கூடியபின், ஒருவர் உரிமையை மற்றவர் தனித்து மாற்றாதிருத்தலே அரிது. உடன்பங்காளர்க்கு அறிவியாது பங்குக் காணியை விற்றலாகாது என நம் முன்னோர் வகுத்தனர். வீட்டு நிலத்துக்கு நாம் ஒப்புக்கொண்ட அந்நீதி நாட்டுக்கும் பொருந்துமாறில்லையோ என்பதை, இக்கல்லூரியிற் பயின்றோரும் பயில்வோரும் சிந்திப்பாராக.